பாடியவரும் வழிநடத்தியவரும்

கொக்கிளாய் போன்ற எமது கரையோரக் கிராமங்களில் கோயில் திருவிழாவுக்குக் கச்சேரி பேசச் செல்வோர், பல வேளைகளில் பாடுபவரிடம் பேசுவதில்லை. அவருக்காகப் பேசும் ஒருவரிடமே பேசுகின்றனர். திகதி, சன்மானம், பயண ஒழுங்கு யாவும் அவர் வாயிலாகவே தீர்மானமாகின்றன. கலைஞருக்கும் முகாமையாளருக்கும் இடையிலான இவ்வுறவு எவ்வாறு அமைய வேண்டும் என்று சிந்திக்கும்போது, எம்.எஸ். சுப்புலட்சுமியின் வாழ்க்கை எமது நினைவுக்கு வருகின்றது.

1916ஆம் ஆண்டு மதுரையில் வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாகப் பிறந்த அவர், 1936இல் சென்னைக்கு வந்தார். 1940இல் தி. சதாசிவத்தை மணந்தார். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவரும் பத்திரிகை விளம்பரத் துறையில் தேர்ந்தவருமான சதாசிவமே அதன் பின்னர் அவரது கச்சேரிகள், திரைப்படங்கள், இசைத்தட்டுகள், வரவு செலவுகள் அனைத்தையும் நிர்வகித்தார்.

அந்நிர்வாகத்தின் பயனை எவரும் மறுக்க முடியாது. 1945இல் வெளியான மீரா, 1947இல் இந்தியிலும் வந்து அவரை இந்தியா முழுவதும் அறிமுகப்படுத்தியது. 1966இல் அவர் ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார். 1998இல் பாரத ரத்னா விருது அவரைத் தேடி வந்தது.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. 1941இல் சாவித்திரி படத்தில் நாரதராக நடித்து அவர் ஈட்டிய பணமே கல்கி இதழுக்கு முதலாயிற்று. கச்சேரி வருமானத்திலும் இசைத்தட்டு உரிமைத்தொகையிலும் பெரும்பகுதி அறப்பணிகளுக்குச் சென்றது. பிற்காலத்தில் கடன் நெருக்கடியால் கல்கி தோட்டம் என்னும் தமது இல்லத்தையே அவர்கள் விற்க நேர்ந்தது. உலகம் போற்றிய குரலுக்குரியவர் முதுமையை நெருங்கிய வேளையில் வாடகை வீட்டுக்குச் சென்றார். 1997இல் சதாசிவம் மறைந்த பின்னர் அவர் பொதுமேடையில் பாடவில்லை. 2004 டிசெம்பரில் காலமானார்.

சதாசிவத்தின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆனால், நேர்மையானவர் நிர்வகித்தபோதே இத்தகைய நெருக்கடி நேர்ந்ததெனில், நேர்மையற்றவரிடம் அகப்படும் கலைஞரின் கதி என்னவாகும்? 1984இல் இடம்பெயர்ந்து, போர் முடிந்தபின் ஊர் திரும்பிய மக்கள் வாழும் கொக்கிளாயிலிருந்து நாளை மேடையேறும் இளங்கலைஞர் ஒருவருக்கும் இக்கேள்வி பொருந்தும். பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். கணக்கைப் பார்க்கும் உரிமையை ஒப்படைக்கலாகாது. ஒப்பந்தத்தை எழுத்தில் பெற்று, வாசித்து அறிந்த பின்னரே கையொப்பமிட வேண்டும். சுருதி தவறாமல் பார்த்துக்கொள்ளும் கலைஞர், தமது வரவையும் செலவையும் பார்த்துக்கொள்ளப் பழக வேண்டும் என்பதே எமது விருப்பம்.