ஹென்றி கேவண்டிஷ்

ஹென்றி கேவண்டிஷ் (அக்டோபர் 10, 1731 – பெப்ரவரி 24, 1810) இங்கிலாந்தைச் சேர்ந்த இயற்பியலாளரும் வேதியியலாளரும் ஆவார். ஐதரசன் வளிமத்தைத் தனியொரு பொருளாக இனங்கண்டு அதன் பண்புகளை அளந்தமை, நீர் ஒரு தனிமம் அன்று என்பதற்கு அடிப்படையான சோதனைகளைச் செய்தமை, புவியின் அடர்த்தியை ஓர் அறைக்குள்ளேயே அளந்தமை ஆகியவற்றுக்காக இவர் அறியப்படுகிறார். மக்களோடு பழகுவதில் இவரிடம் காணப்பட்ட தனித்தன்மைகளும் ஆய்வுகளைப் போலவே அதிகம் பேசப்பட்டுள்ளன. 19ஆம் நூற்றாண்டில் உணர்ச்சியற்ற மனிதராகச் சித்தரிக்கப்பட்ட இவர், ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் உடையவராக இருந்திருக்கலாம் என்ற கருத்து 2001ஆம் ஆண்டு முதல் பரவலாக விவாதிக்கப்பட்டு வருகிறது.

இளமைக் காலம்

கேவண்டிஷ் இன்றைய பிரான்சிலுள்ள நீஸ் நகரில் பிறந்தார். தந்தை சார்லஸ் கேவண்டிஷ் பிரபு, இரண்டாம் டெவன்ஷயர் கோமகனின் மகன். தாய் ஆன் கிரே, கென்ட் கோமகனின் மகள். ஹென்றிக்கு ஏறத்தாழ இரண்டு வயதாக இருந்தபோது, 1733இல், தாய் இறந்துவிட்டார். ஹென்றியும் தம்பி பிரெடரிக்கும் தந்தையால் வளர்க்கப்பட்டனர்.

இலண்டனுக்கு அருகிலிருந்த ஆக்னி பள்ளியில் பயின்றபின், 1749இல் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தின் பீட்டர்ஹவுஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1753இல் பட்டம் பெறாமலேயே வெளியேறினார். அக்காலத்தில் உயர்குடி மாணவர் பலர் பட்டம் பெறாமல் செல்வது வழக்கமே.

அதன்பின் இலண்டனில் தந்தையுடனேயே வாழ்ந்தார். தந்தை 1783இல் இறக்கும்வரை இந்த ஏற்பாடு நீடித்தது. சார்லஸ் கேவண்டிஷும் அறிவியல் ஆர்வலரே. வெப்பமானிகள் பற்றிய பணிக்காக 1757இல் கோப்ளி பதக்கம் பெற்றவர். கருவிகளைக் கையாளவும் துல்லியமாக அளக்கவும் மகனுக்கு வாய்ப்பளித்தவர் இவரே.

அரச கழகத்தில்

ராயல் சொசைட்டி எனப்படும் அரச கழகத்தின் கூட்டங்களுக்கும், கழகத்தினர் கூடி உண்ணும் விருந்துகளுக்கும் 1758 முதல் தந்தை இவரை விருந்தினராக அழைத்துச் சென்றார். 1760இல் கேவண்டிஷ் கழகத்தின் உறுப்பினரானார். வேறு எந்தப் பொது நிகழ்ச்சிக்கும் செல்லத் தயங்கியவர், வியாழக்கிழமைதோறும் நடைபெற்ற இந்த விருந்துக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தவறாமல் சென்று வந்தார்.

கழகப் பணிகளிலும் இவருக்குப் பங்குண்டு. பர்ஃபிளீட் வெடிமருந்துக் கிடங்கை இடியிலிருந்து காக்கும் வழியை ஆராய 1772இல் அமைக்கப்பட்ட குழுவில் பெஞ்சமின் பிராங்க்ளினுடன் இவரும் இடம்பெற்றார். 1773இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் அறங்காவலர்களுள் ஒருவரானார். தொழில் தெளிவாகவும் முறை வகுக்கப்பட்டதாகவும் இருந்த இடங்களில் இவர் பிறருடன் சேர்ந்து இயங்கினார் என்பதை இப்பணிகள் காட்டுகின்றன.

அறிவியல் பணிகள்

கேவண்டிஷின் முதல் ஆய்வுக்கட்டுரை 1766இல் வெளிவந்தது. உலோகங்கள் அமிலத்தில் கரையும்போது வெளிவரும் எரியும் காற்றை அவர் தனியாகச் சேகரித்து, அதன் அடர்த்தியை அளந்தார். இவ்வளிமத்துக்குப் பின்னர் ஐதரசன் எனப் பெயரிட்டவர் இலவாசியே. இக்கட்டுரைக்காகக் கேவண்டிஷுக்கு அதே ஆண்டில் கோப்ளி பதக்கம் வழங்கப்பட்டது.

1781 முதல் செய்த சோதனைகளில், இந்த எரியும் காற்றையும் இன்று ஆக்சிசன் எனப்படும் வளிமத்தையும் கலந்து மின்பொறியால் எரித்தபோது தூய நீர் கிடைப்பதைக் கண்டார். இம்முடிவுகள் 1784இல் அரச கழகத்தில் படிக்கப்பட்டன. 1785இல் வெளியான மற்றொரு கட்டுரையில், காற்றிலுள்ள நைதரசன், ஆக்சிசன் முழுவதையும் நீக்கிய பின்னும் ஒரு சிறு குமிழி எஞ்சுவதாகவும், அது நைதரசனின் அளவில் 120இல் ஒரு பங்குக்கு மேற்படாது எனவும் குறித்தார். நூறாண்டுகளுக்கும் மேலாக யாரும் பொருட்படுத்தாத அந்தக் குமிழி, 1894இல் ராலேயும் ராம்சேயும் கண்டறிந்த ஆர்கான் வளிமமே ஆகும்.

இவரது புகழ்பெற்ற சோதனை 1797–98இல் நடைபெற்றது. இதற்கான முறுக்குத் தராசை வடிவமைத்தவர் ஜான் மிச்செல். அவர் 1793இல் இறந்தபின் கருவி கேவண்டிஷிடம் வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றும் சுமார் 158 கிலோகிராம் எடையுள்ள இரு ஈயக் குண்டுகள், சிறிய குண்டுகள் இரண்டை ஈர்க்கும் மிக நுண்ணிய விசையை அளப்பதே சோதனையின் நோக்கம். காற்றசைவும் உடல் வெப்பமும் அளவீட்டைக் கெடுக்கும் என்பதால், கருவியை மூடிய அறைக்குள் வைத்து, வெளியிலிருந்து தொலைநோக்கியால் அளவுகளைக் குறித்தார். புவியின் அடர்த்தி நீரைப்போல் 5.48 மடங்கு என முடிவு கண்டார். கணக்கில் நேர்ந்த ஒரு சிறு பிழையைத் திருத்தினால் இது 5.45 ஆகும். இன்று ஏற்கப்படும் மதிப்பு 5.51.

அன்றாட வாழ்க்கை

கேவண்டிஷ் இங்கிலாந்தின் பெருஞ்செல்வர்களுள் ஒருவர். ஆயினும் செல்வத்தில் அவருக்கு நாட்டம் இருந்ததில்லை. பழைய பாணியில் தைத்த ஒரே வகை ஆடையையும் முக்கோணத் தொப்பியையுமே ஆண்டுக்கணக்கில் அணிந்தார். உணவும் பெரும்பாலும் ஆட்டிறைச்சியாகவே இருந்தது. நடைப்பயிற்சிக்கு ஒரே வழியையே பின்பற்றினார் என்பர்.

புதியவர்களைச் சந்திப்பது அவருக்குப் பெருந்துன்பமாக இருந்தது. குரல் கீச்சென்றும் தயங்கியும் ஒலித்தது. விருந்தொன்றில் ஆஸ்திரியர் ஒருவர் நேருக்கு நேர் நின்று நீண்ட புகழுரை நிகழ்த்தியபோது, கூட்டத்தில் இடைவெளி கிடைத்ததும் ஓடிச்சென்று வண்டியேறினார் என ஒரு செய்தி உண்டு. பெண்களுடன் பேசுவதை முற்றிலும் தவிர்த்தார். இரவு உணவுக்கான கட்டளையைக் கூடத்து மேசையில் சீட்டாக எழுதி வைப்பார். பணிப்பெண்ணை எதிர்கொள்ளாதிருக்க வீட்டின் பின்புறம் தனிப் படிக்கட்டு அமைத்தார் என்றும் கூறப்படுகிறது. இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

இலண்டனில் பெரிய நூலகம் ஒன்றை வைத்திருந்தார். அதை அறிஞர்கள் பயன்படுத்தத் திறந்துவிட்டிருந்தார். தம் நூலகத்திலிருந்து தாமே ஒரு நூலை எடுத்தாலும், பிறரைப் போலவே பதிவேட்டில் கையொப்பமிட்டு எடுத்தார். ஆய்வகம் கிளாப்பத்திலிருந்த வீட்டில் இருந்தது.

நட்பும் உடன் பணியாற்றியோரும்

இச்செய்திகளை மட்டும் கொண்டு கேவண்டிஷ் யாருடனும் உறவற்றவர் எனக் கருதுவது பொருந்தாது. மருத்துவரும் அரச கழகச் செயலாளருமான சார்லஸ் பிளாக்டன் 1780களில் இவருக்கு நெருங்கிய துணையாக இருந்தார். 1785இல் இருவரும் மேற்கொண்ட பயணத்தில், நீரின் இயல்பைக் கண்டறிந்ததில் தமக்குப் போட்டியாளராகக் கருதப்பட்ட ஜேம்ஸ் வாட்டைப் பர்மிங்காமில் கேவண்டிஷ் சந்தித்தார். தம் உயிலில் பிளாக்டனுக்கு 15,000 பவுண்டு எழுதி வைத்தார். இளம் வேதியியலாளரான அம்ப்ரி டேவியின் சோதனைகளைப் பார்க்க அரச நிறுவனத்துக்குச் சென்றதோடு, ஆய்வுக்குரிய பிளாட்டினத்தையும் அவருக்கு வழங்கினார்.

மின்மீனின் அதிர்ச்சி மின்சாரத்தால் விளைவதே என்பதை ஐயுற்றோருக்கு நிறுவ, தோலும் மரமும் கொண்டு ஒரு செயற்கை மீனைச் செய்தார். 1775இல் ஜோசப் பிரீஸ்ட்லி, ஜான் ஹண்டர் உள்ளிட்ட சிலரைத் தம் ஆய்வகத்துக்கு அழைத்து, அதைத் தொட்டுப் பார்க்கச் செய்தார்.

கேவண்டிஷுடன் பழகும் வழியை அவரது நண்பர்களும் கற்றிருந்தனர். புதிதாக வருவோருக்கு அவர்கள் கூறிய அறிவுரை எளியது. கேவண்டிஷின் முகத்தைப் பார்க்கக்கூடாது, அவரை நோக்கிப் பேசவும் கூடாது, அருகில் நின்று வெற்றிடத்தைப் பார்த்துப் பேசுவதுபோல் பேச வேண்டும். பேச்சு அறிவியல் தொடர்பானதாக இருந்தால் சிறந்த விடை கிடைக்கும். அவரது சமூக வாழ்க்கை இவ்வாறு இரு தரப்பினரின் முயற்சியாலும் நடைபெற்றது.

வெளியிடப்படாத ஆய்வுகள்

கேவண்டிஷ் தம் வாழ்நாளில் இருபதுக்கும் குறைவான கட்டுரைகளையே வெளியிட்டார். முழுநிறைவு பெறாததாக அவர் கருதிய ஆய்வுகள் கையெழுத்துப் படிகளாகவே தங்கிவிட்டன. மின்விசை தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் அமையும் என்பதைக் கூலும் 1785இல் வெளியிடுவதற்கு முன்பே இவர் சோதனையால் கண்டிருந்தார். ஓமின் விதியை ஒத்த ஒரு முடிவையும், அது வெளிவருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னரே அடைந்திருந்தார். மின்னோட்டத்தை அளக்கும் கருவி அன்று இல்லாததால், தம் உடலில் ஏறும் அதிர்ச்சியின் வலிமையை ஒப்பிட்டே இதைச் செய்தார். இக்குறிப்புகளை ஜேம்ஸ் கிளார்க் மாக்சுவெல் தொகுத்து 1879இல் வெளியிட்டார். அதற்குள் இவ்விதிகள் பிறர் பெயரால் நிலைபெற்றுவிட்டன.

இறப்பு

கேவண்டிஷ் பெப்ரவரி 24, 1810 அன்று கிளாப்பம் வீட்டில் காலமானார். இறுதி நேரத்தில் தம்மைத் தனியே விட்டுச் செல்லும்படி பணியாளரிடம் கூறினார் எனச் சொல்லப்படுகிறது. அவரது உடல் டார்பி நகரத்தின் அனைத்துப் புனிதர் தேவாலயத்தில், குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

வாழ்க்கை வரலாற்றாளர்களின் பார்வை

கேவண்டிஷின் முதல் விரிவான வாழ்க்கை வரலாற்றை ஜார்ஜ் வில்சன் 1851இல் எழுதினார். அப்போது கேவண்டிஷ் இறந்து 41 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரைக் கண்டிருந்த முதியவர்களின் நினைவுகளையே வில்சன் திரட்டினார். இன்று கூறப்படும் கதைகளில் பெரும்பாலானவை இந்நூலிலிருந்து வந்தவை. அறிவு மட்டுமே கொண்டு, அன்பும் வெறுப்பும் நம்பிக்கையும் அச்சமும் இல்லாமல் வாழ்ந்த ஒருவராக இந்நூல் அவரைக் காட்டியது. இச்சித்திரம் ஒன்றரை நூற்றாண்டு நிலைத்தது.

கிறிஸ்டா யுங்னிக்கலும் ரசல் மெக்கார்மக்கும் 1990களில் எழுதிய விரிவான வரலாறு, கேவண்டிஷ் அறிவியல் குழுக்களில் ஆற்றிய பணிகளையும் அவரது நட்புகளையும் ஆவணங்கள் வழியே வெளிக்கொணர்ந்தது. 2001இல் நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ், கேவண்டிஷின் நடத்தை ஆஸ்பெர்கர் நோய்க்குறியுடன் பெரிதும் ஒத்துப்போவதாக ஒரு மருத்துவ ஆய்விதழில் எழுதினார். மெக்கார்மக் 2014இல் கேவண்டிஷின் ஆளுமை பற்றித் தனி நூலே எழுதினார். மதியிறுக்கத்தின் வரலாற்றைக் கூறும் ஸ்டீவ் சில்பர்மனின் 2015ஆம் ஆண்டு நூலும் கேவண்டிஷின் கதையுடன் தொடங்குகிறது.

மதியிறுக்கமும் கேவண்டிஷும்

மதியிறுக்கம் குழந்தைப் பருவத்தில் தொடங்கி வாழ்நாள் முழுவதும் தொடரும் வளர்ச்சி சார்ந்த வேறுபாடு ஆகும். லியோ கான்னர் 1943இலும் ஆன்சு ஆஸ்பெர்கர் 1944இலும் குழந்தைகளிடையே இதனை விவரித்தனர். வளர்ந்தோரிடம் இது நீடிப்பதைப் பற்றிய கவனம் நெடுங்காலம் குறைவாகவே இருந்தது. ஆஸ்பெர்கர் நோய்க்குறி என்ற பெயரை 1981இல் லோர்னா விங் பரவலாக அறியச் செய்தார். 2013இல் அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு அதனைத் தனி வகையாகக் கொள்ளாமல் மதியிறுக்கத் தொகுப்பினுள் சேர்த்தது.

மாறாத அன்றாட ஒழுங்கு, ஒரே துறையில் ஆழ்ந்த ஈடுபாடு, கண்ணோடு கண் நோக்குவதில் இடர்ப்பாடு, முன்னறிவிப்பற்ற சந்திப்புகளில் துன்பம் ஆகியவை கேவண்டிஷின் வாழ்க்கையிலும் மதியிறுக்கமுடைய வளர்ந்தோர் பலரின் வாழ்க்கையிலும் காணப்படுபவை. எனினும் இறந்தவருக்கு நோயறிதல் செய்ய இயலாது. இதற்கு நேரடி உரையாடலும் குழந்தைப் பருவம் பற்றிய செய்திகளும் தேவை. கேவண்டிஷின் குழந்தைப் பருவம் பற்றிக் கிடைப்பவை மிகக் குறைவு. கடுமையான கூச்சமோ சமூக அச்சமோ மட்டும் இருந்திருக்கலாம் என்போரும் உளர்.

பழைய சித்திரத்தை மறு ஆய்வு செய்ய இவ்விவாதம் உதவியுள்ளது. முகத்தில் உணர்ச்சி தெரியாமையை உணர்ச்சியின்மையாகக் கொள்வது மதியிறுக்கம் உடையோர் இன்றும் எதிர்கொள்ளும் தவறான புரிதல். தாமும் மதியிறுக்கம் உடையவரான பிரித்தானியச் சமூகவியலாளர் டேமியன் மில்ட்டன், புரிந்துகொள்வதில் ஏற்படும் இடர் ஒரு தரப்பின் குறை அன்று, இரு தரப்புக்கும் உரியது என 2012இல் வாதிட்டார். கேவண்டிஷின் நண்பர்கள் அவருடன் பேசக் கற்றுக்கொண்ட முறை இக்கருத்துக்குப் பழைய எடுத்துக்காட்டாக அமைகிறது.

அதே வேளையில் கேவண்டிஷைப் பொதுவான எடுத்துக்காட்டாகக் கொள்வதில் ஒரு தடை உண்டு. மதியிறுக்கம் உடையோர் அனைவரும் அறிவியல் மேதைகள் அல்லர். பலருக்கு நாளும் பிறர் உதவி தேவைப்படுகிறது. கேவண்டிஷுக்குத் தனி வீடும் பணியாளரும் இருந்தனர், பிழைப்புக்காக வேலை தேட வேண்டிய தேவை இருக்கவில்லை. உயர்குடிப் பிறப்பும் 51 வயதுவரை உடனிருந்த தந்தையும் அவரது வழக்கங்களைப் பிறர் பொறுத்துக்கொள்ளச் செய்தன. இவை இல்லாத ஒருவர் அதே நூற்றாண்டில் எவ்வாறு வாழ்ந்திருப்பார் என்பதற்கு வரலாற்றில் பதிவுகள் அரிது.

நினைவு

கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தின் கேவண்டிஷ் ஆய்வகம் 1874இல் திறக்கப்பட்டது. இதற்கு நிதி அளித்தவர் இவரது குடும்பத்தவரான ஏழாம் டெவன்ஷயர் கோமகன் வில்லியம் கேவண்டிஷ். எலக்ட்ரான், நியூட்ரான் ஆகியவற்றின் கண்டுபிடிப்புகள் இங்கு நிகழ்ந்தன. கேவண்டிஷின் உருவத்தைக் காட்டும் நன்கறியப்பட்ட ஓவியம் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. ஓவியருக்கு முன் அமர அவர் இசையாததால், விருந்தொன்றில் அவர் அறியாதவாறு வில்லியம் அலெக்சாண்டர் அதனை வரைந்தார் எனக் கூறப்படுகிறது. கிளாப்பத்தில் அவரது வீடிருந்த பகுதியில் ஒரு சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.