மஞ்சள் கடுதாசி கொடுத்த மார்க் ட்வைன்: 59 வயதில் கடன் அடைக்க உலகம் சுற்றிய கதை

டாம் சாயர், ஹக்கிள்பெரி ஃபின்... இந்தப் பெயர்களை எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். இவர்களைப் படைத்தவர் மார்க் ட்வைன். இன்டர்நெட்டில் யார் அடித்த ஜோக்காக இருந்தாலும் கீழே இவர் பெயரைப் போட்டுவிடுவார்கள். அந்த அளவுக்கு 'சிரிக்க வைக்கிற மனுஷன்' என்று பெயர் வாங்கியவர். ஆனா, 58 வயசில் தொழில் மூழ்கி, தலைக்கு மேல் கடனோடு நின்றவரும் இவர்தான்.

1894 ஏப்ரல் 18. அமெரிக்கா கடுமையான பொருளாதார மந்தத்தில் சிக்கியிருந்த நேரம். அன்று நியூயார்க்கில் ட்வைனின் பதிப்பகம் கையைத் தூக்கிவிட்டது. நம்ம ஊர் பாஷையில் சொன்னால், மஞ்சள் கடுதாசி. அதன்பிறகு நான்கு வருஷத்துக்குள் மொத்தக் கடனையும் அடைத்தார்.

எப்படிச் சிக்கினார், எப்படி வெளியே வந்தார்? லே-ஆஃப் செய்திகளும் இ.எம்.ஐ. தேதிகளும் தூக்கத்தைக் கெடுக்கும் காலத்தில் இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதல் வேலை போனது போரால்!

ட்வைனின் இயற்பெயர் சாமுவேல் கிளெமென்ஸ். பிறந்தது 1835-இல், மிசௌரி மாகாணத்தில். அப்பா டென்னசியில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் வாங்கிப் போட்டிருந்தார். 'ஒருநாள் இது நம்மைப் பணக்காரர் ஆக்கும்' என்று குடும்பமே நம்பியது. அந்த நாள் வரவே இல்லை. சாமுக்கு 11 வயசு ஆனபோது அப்பா இறந்துவிட்டார். பையன் அச்சகத்தில் வேலை கற்றுக்கொள்ளப் போனான். ஒவ்வொரு எழுத்தாகக் கையால் பொறுக்கி அடுக்கும் கம்பாசிட்டர் வேலை. இந்த வேலையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் அவரைக் கவிழ்க்கப் போகிறது.

அடுத்து மிசிசிப்பி ஆற்றில் நீராவிக் கப்பல் ஓட்டும் பைலட். 1859-இல் லைசென்ஸ் கிடைத்தது. நல்ல சம்பளம், ஊரில் மரியாதை. ஆனா 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்தது, ஆற்றில் வணிகப் போக்குவரத்து நின்றது. வேலை போச்சு. அண்ணனோடு நெவாடாவுக்குப் போனார். வெள்ளிச் சுரங்கத்தில் அதிர்ஷ்டம் தேடினார், கிடைக்கவில்லை. கடைசியில் 1862-இல் ஒரு பத்திரிகையில் நிருபர் வேலை. அடுத்த வருஷம் 'மார்க் ட்வைன்' என்ற புனைபெயர்.

வேலை போனதால்தான் எழுத்தாளர் ஆனார் என்று ஒரு மோட்டிவேஷன் வீடியோவே போடலாம். ஆனா அப்போது அவருக்கு 25 வயசு, கல்யாணம் ஆகவில்லை, ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடிந்தது. 58 வயசில், மனைவியும் மூன்று மகள்களும் இருக்கும்போது விழுவது வேற லெவல் வலி.

சம்பாதித்தார், முதலாளியும் ஆனார்

1870-இல் ஒலிவியாவைக் கல்யாணம் செய்தார். நிலக்கரி வியாபாரத்தில் செல்வம் சேர்த்த குடும்பத்துப் பெண். 1874-இல் ஹார்ட்ஃபோர்டில் பெரிய வீடு. 'டாம் சாயர்' 1876-இல் வந்தது. புத்தகங்கள் விற்றன, வீட்டில் விருந்துகள், வேலையாட்கள். செலவும் அதே வேகத்தில் ஏறியது.

பதிப்பாளர்கள் தன் உழைப்பில் லாபம் பார்ப்பதாக நினைத்தவர், 1884-இல் சொந்தப் பதிப்பகம் தொடங்கினார். நிர்வாகம், அக்கா மகளின் கணவர் சார்லஸ் வெப்ஸ்டர் கையில். ஆரம்பமே அமர்க்களம். முன்னாள் ஜனாதிபதி கிராண்ட் ஒரு நிதி மோசடியில் பணத்தையெல்லாம் இழந்து, தொண்டைப் புற்றுநோயோடு போராடிக்கொண்டே சுயசரிதை எழுதினார். அதை ட்வைன் வெளியிட்டார். 1885-இல் கிராண்ட் இறந்தார். அடுத்த வருஷம் அவர் மனைவிக்குப் போன ஒரே செக் 2 லட்சம் டாலர்.

அந்த வெற்றிதான் ஆபத்தாகவும் ஆனது. எதை வெளியிட்டாலும் ஓடும் என்ற நம்பிக்கை வந்துவிட்டது. போப் 13-ஆம் லியோவின் வாழ்க்கை வரலாறு எதிர்பார்த்த அளவு போகவில்லை. பிறகு, 11 தொகுதிகள் கொண்ட அமெரிக்க இலக்கியத் தொகுப்பு. வாசகர் கொடுப்பது தவணைப் பணம், மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக வரும். ஆனா அச்சுக்கூலி, பைண்டிங், வீடு வீடாகப் போய் ஆர்டர் பிடிக்கும் ஏஜென்ட்களுக்குக் கமிஷன் எல்லாம் முதலிலேயே போய்விடும். ஆர்டர் கூடக்கூடக் கையில் பணம் குறைந்தது. விற்பனை நன்றாகவே நடந்தும் கம்பெனி கடன் வாங்கித்தான் ஓடியது. ஸ்டார்ட்-அப்பில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் புதுசில்லை.

மாதம் 3,000 டாலர் தின்ற மெஷின்

இன்னொரு ஓட்டையும் இருந்தது. ஜேம்ஸ் பெய்ஜ் என்பவர் தானாகவே அச்சுக்கோக்கும் மெஷின் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். கம்பாசிட்டர் வேலையின் கஷ்டம் தெரிந்த ட்வைனுக்கு அதைப் பார்த்ததும் மயக்கம். 1880-இல் கொஞ்சமாகப் போட ஆரம்பித்த பணம், ஒரு கட்டத்தில் மாதம் 3,000 டாலர் வரை போனது. மொத்தம் 3 லட்சம் டாலர் வரை இருக்கும் என்ற கணக்கும் உண்டு.

ஐடியா தப்பில்லை, அச்சுத் தொழிலுக்கு அப்படி ஒரு மெஷின் நிஜமாகவே தேவைப்பட்டது. ஆனா பெய்ஜின் மெஷினில் சுமார் 18,000 பாகங்கள். ஓடும்போது அற்புதமாக ஓடும், நின்றால் அவரே வந்து பிரித்து மாட்ட வேண்டும். இன்னும் சரியாக்கலாம் என்று அவர் பிரித்துக்கொண்டே இருந்தார். இதற்குள் 1886-இல் மெர்கென்தாலரின் லினோடைப் மெஷின் ஒரு நியூயார்க் நாளிதழில் வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

1891-இல் வீட்டுச் செலவைத் தாங்க முடியவில்லை. ஹார்ட்ஃபோர்டு வீட்டைப் பூட்டிவிட்டு, செலவு குறைவு என்று குடும்பத்தோடு ஐரோப்பாவுக்குக் குடிபெயர்ந்தார்.

1893: வங்கிகள் கதவைச் சாத்தின

அப்புறம்தான் மந்தம். 1893 தொடக்கத்தில் பெரிய ரயில்வே கம்பெனி ஒன்று திவாலானது, மே மாதம் பங்குச்சந்தை சரிந்தது. மக்கள் பணத்தை எடுக்க வங்கிகளுக்கு ஓடினார்கள். அந்த ஒரு வருஷத்தில் சுமார் 500 வங்கிகளும் 15,000 வியாபார நிறுவனங்களும் முடங்கின. பத்துப் பேரில் ஒருவருக்கும் மேல் வேலை இல்லாத நிலை பல வருஷம் நீடித்தது. 1894 வசந்தத்தில் வேலை இழந்தவர்கள் ஒஹையோவிலிருந்து வாஷிங்டனுக்கு நடைபயணமே போனார்கள். ட்வைன் கம்பெனி விழுந்தது அவர்கள் நடந்துகொண்டிருந்த அதே வாரங்களில்தான்.

மந்தம் வந்தால் முதலில் காய்வது கடன். நல்ல காலத்தில் புரோநோட்டு முடியும்போது வங்கி புதுப்பித்துத் தரும், சக்கரம் சுழலும். 1893-இல் வங்கிகளே உயிர் பிழைத்தால் போதும் என்று இருந்தன. நோட்டைப் புதுப்பிக்க ஆளில்லை. மனைவி வீட்டு நிலக்கரி வியாபாரத்திலிருந்து உதவி வாங்கலாம் என்றால் அங்கேயும் நெருக்கடி. ட்வைன் குடும்பத்தை ஐரோப்பாவில் விட்டுவிட்டு, நியூயார்க்கில் ஒரு கிளப்பின் சின்ன அறையில் தங்கி, கடனுக்காக ஒவ்வொரு கதவாகத் தட்டினார்.

கணக்கைப் பார்க்க ஒருவர்

அந்த செப்டம்பரில் ஒரு டாக்டர் நண்பர் மூலம் ஹென்றி ராஜர்ஸ் அறிமுகமானார். ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் பெரும்புள்ளி, வியாபாரத்தில் இரக்கமே இல்லாதவர் என்று பெயர். ஆனா ட்வைன் புத்தகங்களுக்கு ரசிகர். முதலில் அவசரத்துக்குப் பணம் புரட்டிக் கொடுத்தார். அடுத்து, கணக்குப் புத்தகங்களை வாங்கி உட்கார்ந்து படித்தார். அதுவரை யாரும் முழுசாகச் செய்யாத வேலை அது.

படித்து முடித்ததும் அவர் வந்த முடிவு: பதிப்பகம் பிழைக்காது, மூடிவிட வேண்டும். மெஷினுக்கு ஒரு கடைசி வாய்ப்பு மட்டும் கொடுத்தார். 1894 இலையுதிர் காலத்தில் சிகாகோ நாளிதழ் ஒன்றில் சோதனை ஓட்டம் நடந்தது. மெஷின் அடிக்கடி நின்றது. டிசம்பரில் ராஜர்ஸ் அந்தக் கதையையும் முடித்தார். 14 வருஷக் கனவை விடச் சொல்வதற்கு வெளியாள் ஒருவர் தேவைப்பட்டிருக்கிறார்.

ராஜர்ஸ் செய்த இன்னொரு காரியம் பெரியது. கம்பெனிக்கு அதிகம் கடன் கொடுத்தவர்களில் ஒலிவியாவும் ஒருவர். தன் சொத்திலிருந்து 60,000 டாலருக்கு மேல் போட்டிருந்தார். அதைக் காரணம் காட்டி, ட்வைன் புத்தகங்களின் காப்புரிமையை ஒலிவியா பெயருக்கு மாற்றினார் ராஜர்ஸ். மற்றவர்களுக்குக் கோபம்தான். ஆனா அன்றைக்கு அவை பெரிய விலைக்குப் போயிருக்காது, பின்னால் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டதும் அவைதான்.

முழுசாகக் கட்டணுமா?

கம்பெனி கூட்டு வியாபாரம். இன்றைய பிரைவேட் லிமிடெட் மாதிரி கடன் கம்பெனியோடு நிற்காது, பங்குதாரரின் சொந்தத் தலையிலும் விழும். வெளியாட்களுக்கு மட்டும் கிட்டத்தட்ட 1 லட்சம் டாலர் பாக்கி, சுமார் 100 பேருக்கு. இருப்பதைப் பிரித்துக்கொண்டு, டாலருக்குப் பாதி கிடைத்தாலும் சமாதானமாகப் போவது அன்று வியாபார வழக்கம். ஒலிவியா அதற்குச் சம்மதிக்கவில்லை, ஒரு சென்ட் விடாமல் கட்ட வேண்டும் என்றார். ட்வைனும் அதையே பத்திரிகைகளுக்கு அறிவித்தார்.

பணத்துக்கு எங்கே போவது? அவர் கையில் விற்பதற்கு இருந்தது பேச்சும் எழுத்தும்தான். மேடை ஏறிக் கதை சொல்லும் சுற்றுப்பயணம் அவருக்குப் பிடிக்காத வேலை, இனி வேண்டாம் என்று பல வருஷம் ஒதுங்கியும் இருந்தார். இருந்தும் 1895 ஜூலையில் கிளம்பினார். வயசு 59. அதற்கு முன் காலில் வந்த கட்டியால் வாரக்கணக்கில் படுக்கை. கூட வந்தது ஒலிவியாவும் மகள் கிளாராவும். மூத்தவள் சூஸியும் கடைசி மகள் ஜீனும் ஊரிலேயே தங்கினார்கள்.

அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்து பசிபிக்கில் கப்பல் ஏறினார். ஹொனலுலுவில் காலரா, இறங்கவே முடியவில்லை, அந்த ஊர் வசூலும் போச்சு. பிறகு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. 1896 ஜனவரியில் கொழும்பு வழியாகப் பம்பாய். அலகாபாத், காசி, கல்கத்தா, லாகூர் என்று சுமார் இரண்டு மாதம். இருமலும் காய்ச்சலும் விடவில்லை, சில நிகழ்ச்சிகளைத் தள்ளிப்போட வேண்டியிருந்தது. மார்ச் கடைசியில் கல்கத்தாவிலிருந்து கிளம்பிய கப்பல் சென்னையில் ஒருநாள் நின்றது. அங்கிருந்து இலங்கை, மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா. நூற்றுக்கும் மேற்பட்ட மேடைகள். ஊர் ஊராக வந்த பணம் ராஜர்ஸுக்குப் போனது. கடனுக்கென்று அவர் அதைத் தனியாகச் சேர்த்தார்.

கணக்கில் வராத இழப்பு

1896 ஜூலை முடிவில் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள். இரண்டு மகள்களும் அங்கே வந்து சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. வந்ததோ சூஸிக்கு உடம்பு சரியில்லை என்ற சேதி. ஒலிவியாவும் கிளாராவும் உடனே கப்பல் ஏறினார்கள். அவர்கள் நடுக்கடலில் இருந்தபோதே, ஆகஸ்ட் 18 அன்று, ஹார்ட்ஃபோர்டு வீட்டில் மூளைக்காய்ச்சலால் சூஸி இறந்தாள். வயசு 24. தந்தி வந்தபோது ட்வைன் இங்கிலாந்தில் தனியாக இருந்தார். அந்த வீட்டில் குடும்பம் மறுபடி குடியேறவே இல்லை.

இதற்குப் பிறகும் அவர் லண்டனில் உட்கார்ந்து பயணப் புத்தகத்தை எழுதி முடித்தார். கடன் பாக்கி இருந்தது. 1897-இல் ஒரு நியூயார்க் நாளிதழ் அவருக்காக நிதி திரட்டத் தொடங்கியது. முதலில் சரி என்றவர், வீட்டிலும் ராஜர்ஸும் வேண்டாம் என்றதால் நிறுத்தச் சொன்னார். புத்தகம் அந்த வருஷமே வெளியானது. 1898 தொடக்கத்தில், வியன்னாவில் இருந்தபோது கடைசிக் கடனும் அடைந்தது.

சரி, திருந்தினாரா?

இல்லை! அதே 1898-இல் கம்பளத்துக்கு டிசைன் போடும் மெஷின் ஒன்றின் அமெரிக்க உரிமையை வாங்கத் துடித்தார். ராஜர்ஸ் விசாரித்துச் சொன்ன தகவல்கள் அவரைக் காப்பாற்றின. பிறகு பால் பவுடர் மாதிரியான சத்துணவுக் கம்பெனியில் பணம் போட்டு நஷ்டப்பட்டார். 1910 ஏப்ரல் 21 அன்று இறக்கும்வரை அவருடைய ஆசை மாறவில்லை, கூட இருந்து கணக்குப் பார்க்க ஆள் இருந்தார் என்பதுதான் வித்தியாசம். அவரைக் கவிழ்த்த அந்த அச்சுக்கோக்கும் மெஷின் இன்றும் ஹார்ட்ஃபோர்டில் அவர் வீட்டு மியூசியத்தில் நிற்கிறது.

ஆகவே இதை 'விடாமுயற்சி வெற்றி தரும்' என்று சுருக்கிவிட முடியாது. கோடீஸ்வர நண்பரும் உலகப் புகழும் எல்லாருக்கும் கிடைக்காது. 1893-இல் மூழ்கிய எத்தனையோ பேருக்குக் கிடைக்கவில்லை.

ஆனா, அவர் மீண்ட வழியில் சாதாரண ஆளும் செய்யக்கூடியவை சில உண்டு. கடன் விவரத்தை மறைக்காமல் கணக்குத் தெரிந்த ஒருவர் முன் மொத்தமாக வைத்தது. ஏற்கெனவே போட்ட பணத்துக்காக இன்னும் பணம் போடுவதை நிறுத்தியது. அவசரத்தில் எல்லாவற்றையும் விற்றுவிடாமல், நாளைக்குச் சம்பாதித்துத் தரப்போவதைக் காப்பாற்றியது. கௌரவம் பார்க்காமல், பிடிக்காவிட்டாலும் தெரிந்த தொழிலுக்குத் திரும்பியது. முக்கியமாக, பணக் கஷ்டத்தை மனைவியிடமிருந்து ஒளிக்காமல், அடைப்பது எப்படி என்பதை இருவருமாக முடிவு செய்தது. வேலை போன மெயில் வந்த அன்று, முதலில் வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்கு அந்தக் கடைசி விஷயம் உதவலாம்.