குட்டன்பெர்க் - ஒரு வீட்டின் பெயர்

வெளிநாட்டுக்கு வரும் தமிழருக்கு முதல் விண்ணப்பப் படிவத்திலேயே ஒரு சங்கடம் காத்திருக்கும். குடும்பப் பெயர் என்ன என்று கேட்கும் கட்டம் அது. முன்னெழுத்தோடு நிம்மதியாக வாழ்ந்துவிட்ட நாம், அப்பாவின் பெயரை அங்கே எழுதிவிட்டு நகர்கிறோம். ஐரோப்பியர்களுக்கு இந்தத் தொல்லை என்றுமே இருந்ததில்லை, அவர்களுடைய குடும்பப் பெயர்கள் ஆதிகாலம் தொட்டு மாறாமல் வருபவை என்றும் நினைத்துக்கொள்கிறோம். அச்சுக்கலையின் தந்தை என்று நாம் பள்ளியில் படித்த யோஹான்னஸ் குட்டன்பெர்க்கின் பெயர்க் கதை அந்த எண்ணத்தைக் கலைத்துவிடும்.

அவர் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில், 1400-ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தார். தந்தையின் பெயர் ஃப்ரீலே கென்ஸ்ஃப்ளைஷ். கென்ஸ்ஃப்ளைஷ் என்றால் வாத்துக்கறி என்று பொருள். இது கேலிப் பெயர் அல்ல, அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமான ஒரு வீட்டின் பெயர். அக்கால மைன்ஸில் வீடுகளுக்கு எண்கள் கிடையாது, பெயர்கள்தாம் உண்டு. நகரத்துச் செல்வந்தர்கள் தாங்கள் இருக்கும் வீட்டின் பெயராலேயே அறியப்பட்டனர். நம் ஊர்களில் மச்சுவீட்டுக்காரர், மேலவீட்டார் என்று சொல்வதில்லையா, அப்படித்தான். வீடு மாறினால் பெயரும் மாறலாம், அல்லது பழைய பெயரோடு ஒட்டிக்கொள்ளலாம். குட்டன்பெர்க் என்பதும் மைன்ஸில் இக்குடும்பம் வாழ்ந்த இன்னொரு வீட்டின் பெயர். நல்ல குன்று என்பது அதன் பொருள். 1420-களில்தான் அவர்கள் அதைப் பெயராகப் பயன்படுத்தத் தொடங்கினர். அவருடைய முழுப்பெயரான யோஹான்னஸ் கென்ஸ்ஃப்ளைஷ் ட்சுர் லாடன் ட்சும் குட்டன்பெர்க் என்பது உண்மையில் ஒரு பெயரும் மூன்று முகவரிகளும்.

ஜெர்மன் மொழி பேசும் நிலப்பகுதியில் குட்டன்பெர்க் என்ற பெயரில் ஊர்களும் கோட்டைகளும் வேறு உண்டு. இன்று அரிதாகக் காணப்படும் குட்டன்பெர்க் என்ற குடும்பப் பெயர் அவற்றிலிருந்தும் வந்திருக்கக்கூடும். ஃப்ராங்கோனியாப் பகுதியின் குட்டன்பெர்க் பிரபுக் குடும்பத்துக்கும் அச்சுக்காரருக்கும் உறவில்லை. அவர்கள் தங்கள் கோட்டையின் பெயரைச் சூடியவர்கள்.

தாய் எல்ஸே ஒரு கடைக்காரரின் மகள். இதனால் தந்தைவழி உறவினர் அனுபவித்த சில சலுகைகள் மகனுக்குக் கிடைக்கவில்லை. மைன்ஸில் தொழிற்சங்கத்தாருக்கும் பழைய செல்வந்தர்களுக்கும் ஓயாத பூசல். அதில் இக்குடும்பம் பலமுறை ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. 1434-இல் அவர் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் இருந்தார். மைன்ஸ் நகராட்சி தனக்குத் தரவேண்டிய 310 குல்டன் பாக்கிக்காக, அங்கு வந்த மைன்ஸ் நகர எழுத்தரைச் சிறையில் அடைக்க வைத்து, பிறகு விடுவித்தார். அவருடைய வாழ்க்கை நமக்குத் தெரியவருவதே பெரும்பாலும் இத்தகைய கடன், வழக்கு ஆவணங்கள் வழியாகத்தான்.

ஸ்ட்ராஸ்பூர்க்கில் அவர் கூட்டாளிகளைச் சேர்த்துச் செய்த தொழில் விசித்திரமானது. ஆஹன் நகரத் தேவாலயத்தில் 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை புனிதப் பொருட்களைக் காட்சிக்கு வைப்பார்கள். அவற்றின் அருளொளியைப் பிடித்துக்கொள்ள யாத்ரீகர்கள் சிறு கண்ணாடிகளைக் கையில் கொண்டுபோவது வழக்கம். அந்தக் கண்ணாடிகளை ஆயிரக்கணக்கில் உலோகச் சட்டத்தோடு வார்த்து விற்பது திட்டம். 1439-இல் நடப்பதாக எண்ணியிருந்த யாத்திரை 1440-க்குத் தள்ளிப்போனது. இதற்கிடையில் ஒரு கூட்டாளி இறந்துபோக, அவருடைய சகோதரர்கள் பங்கு கேட்டு வழக்குத் தொடுத்தனர். தீர்ப்பு குட்டன்பெர்க்குக்குச் சாதகமாயிற்று. ஆனால் சாட்சிகளின் வாக்குமூலத்தில் அழுத்துபொறி, ஈயம், இரகசியக் கலை என்றெல்லாம் வந்து விழுந்தன. கண்ணாடிக்குப் பின்னால் வேறொன்று உருவாகிக்கொண்டிருந்தது.

அந்த வேறொன்று எது? அச்சடிப்பது புதிதல்ல. சீனாவில் 11-ஆம் நூற்றாண்டிலேயே களிமண் எழுத்துகள் இருந்தன. கொரியாவில் 1377-இல் உலோக எழுத்தால் அச்சிட்ட நூல் இன்றும் இருக்கிறது. குட்டன்பெர்க் செய்தது ஒரே மாதிரியான எழுத்துகளை வேகமாகவும் ஏராளமாகவும் வார்க்கும் வழி. எஃகில் ஓர் எழுத்தைச் செதுக்கி, அதைச் செம்பில் அறைந்து பள்ளமாக்கி, அந்தப் பள்ளத்தின்மீது ஈயக் கலவையை ஊற்றினால் எத்தனை எழுத்து வேண்டுமானாலும் கிடைக்கும். அதோடு, உலோகத்தில் ஒட்டும் எண்ணெய் மையையும் திராட்சை பிழியும் ஆலையைப் போன்ற அழுத்துபொறியையும் இணைத்தார். ஒவ்வொன்றும் தனித்தனியே யாரோ அறிந்திருந்ததுதான். அவற்றைச் சேர்த்து ஓட வைத்தவர் அவர். மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இந்த வகைச் சாதனையின் அருமை எளிதில் புரியும்.

1448-இல் அவர் மைன்ஸுக்குத் திரும்பியிருந்தார். 1450-இல் யோஹான் ஃபூஸ்ட் என்பவரிடம் 800 குல்டன் கடன் வாங்கினார். 1452-இல் மேலும் 800. கருவிகளே அடமானம். இந்தப் பணத்தில்தான் பக்கத்துக்கு 42 வரிகள் கொண்ட லத்தீன் பைபிள் உருவாயிற்று. இரண்டு தொகுதிகள், ஏறத்தாழ 1,280 பக்கங்கள், 180 பிரதிகள் அளவில் அச்சாயின என்பர். ஏறக்குறைய 50 பிரதிகள் இன்றும் எஞ்சியுள்ளன. நூல் முடியும் தறுவாயில் ஃபூஸ்ட் வட்டியோடு 2,000 குல்டனுக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டார். 1455 நவம்பரில் எழுதப்பட்ட ஆவணம் இந்த வழக்கை விவரிக்கிறது. குட்டன்பெர்க் தோற்றார். பட்டறையின் பெரும்பகுதி, குட்டன்பெர்க்கிடம் வேலை செய்த பீட்டர் ஷோஃபரோடு சேர்ந்து ஃபூஸ்டின் கைக்குப் போயிற்று.

1457-இல் மைன்ஸில் ஒரு சங்கீதப் புத்தகம் வெளிவந்தது. அச்சிட்டவர் பெயரையும் தேதியையும் தாங்கிய முதல் ஐரோப்பிய நூல் அது. அதிலிருந்த பெயர்கள் ஃபூஸ்ட், ஷோஃபர். குட்டன்பெர்க்கின் பெயரைத் தாங்கி அவர் அச்சிட்ட ஒரு நூல்கூட இல்லை. உலகின் புகழ்பெற்ற அந்தப் பைபிளிலும் இல்லை.

1462-இல் அடால்ஃப் பேராயரின் படை மைன்ஸைச் சூறையாடியது. அச்சுத் தொழிலாளர்கள் பல ஊர்களுக்குச் சிதறினர், கலையும் அவர்களோடு பரவியது. அதே அடால்ஃப் 1465-இல் குட்டன்பெர்க்கைத் தன் அரசவையாளராக்கி, ஆண்டுதோறும் உடையும் தானியமும் ஒயினும் அளித்தார். 1468 பிப்ரவரியில் குட்டன்பெர்க் காலமானார். அவரைப் புதைத்த தேவாலயம் இன்றில்லை. உயிரோடிருந்தபோது வரைந்த படமும் இல்லை. நாம் காணும் தாடிக்காரர் பிற்காலக் கற்பனை.

பிறகு பெயருக்கான போட்டி தொடங்கியது. பாரிஸ் பேராசிரியர் கியோம் ஃபிஷே 1470-71 வாக்கில் எழுதிய கடிதத்தில் இக்கலையைக் கண்டவர் குட்டன்பெர்க் என்றார். ஷோஃபரின் மகன் யோஹான் 1505-இல் ஒரு நூலில் அதை ஒப்புக்கொண்டார். சில ஆண்டுகளிலேயே பேச்சை மாற்றி, கண்டுபிடித்தவர் தன் தாத்தா ஃபூஸ்ட் என்று எழுதலானார். ஹாலந்துக்காரர்கள் தங்கள் ஹார்லெம் நகரத்தவர் ஒருவருக்கே அந்தப் பெருமை என்றனர். பழைய வழக்கு ஆவணங்களை ஆராய்ந்த பின்னரே குட்டன்பெர்க்கின் உரிமை உறுதியாயிற்று. கோர்ட்டில் தோற்ற காகிதமே அவருக்குச் சாட்சியானது. 1837-இல் மைன்ஸில் சிலை எழுந்தது. 1946-இல் மீண்டும் திறந்த மைன்ஸ் பல்கலைக்கழகம் அவர் பெயரைச் சூடிக்கொண்டது.

அவர் இறந்து 110 ஆண்டுகளில், 1578-இல், கொல்லத்தில் தமிழ் எழுத்துகள் உலோகத்தில் வார்க்கப்பட்டுத் தம்பிரான் வணக்கம் அச்சேறியது. 1971-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகக் கணினியில் மைக்கேல் ஹார்ட் தட்டெழுதத் தொடங்கிய மின்னூல் முயற்சி குட்டன்பெர்க் திட்டம் எனப் பெயர் பெற்றது. அதை முன்மாதிரியாகக் கொண்டு 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் பிறந்தது. பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஓய்வு நேரத்தில் பழைய நூல்களைத் தட்டெழுதி, பிழைதிருத்தி, இலவசமாகத் தருகிறார்கள். அந்தக் கோப்புகளின் தலைப்பில், தட்டெழுதியவர் யார், பிழை பார்த்தவர் யார் என்று ஒரு சிறு குறிப்பு இருக்கும். அடுத்தமுறை அதைத் தாண்டிச் செல்லாமல் ஒருமுறை படித்துவிடுங்கள். 42 வரி பைபிளில் அந்த ஒரு வரிதான் இல்லை.