படகில் தொடங்கிய டைம்லர்: இன்ஜினுக்குள் எப்போது தீ வைப்பது?

டைம்லர் என்றதும் கார்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் கோட்லீப் டைம்லரின் இன்ஜினுக்கு ஆரம்பத்தில் வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்தது படகு. அவர் கடைசிவரை மல்லுக்கட்டியது ஒரே கேள்வியோடு: சிலிண்டருக்குள் எப்போது, எதைக் கொண்டு தீ வைப்பது?

ஜெர்மனியின் ஷோர்ன்டார்ஃப் ஊரில் 1834இல் ஒரு ரொட்டிக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர் டைம்லர். துப்பாக்கி செய்யும் தொழில் கற்று, பிறகு பொறியாளரானார். 1872இல் நிக்கோலஸ் ஆட்டோவின் டாய்ட்ஸ் தொழிற்சாலையில் தொழில்நுட்பப் பொறுப்பு கிடைத்தது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் பிறந்தது அங்கேதான். ஆனால் அது ராட்சத எடை. நிமிடத்துக்கு 200 சுற்றைக்கூடத் தொடாது. ஒரு இடத்தில் நிறுத்தி மில் ஓட்டலாம், வண்டியில் ஏற்ற முடியாது. சின்னதாக, வேகமாகச் சுற்றும் இன்ஜின் வேண்டும் என்றார் டைம்லர். ஆட்டோவுடன் ஒத்துப்போகவில்லை. 1882இல் வெளியே வந்துவிட்டார். கூடவே வந்தவர் வில்ஹெல்ம் மேபாக்.

ஸ்டுட்கார்ட்டை ஒட்டிய கான்ஸ்டாட்டில் டைம்லர் வாங்கிய வீட்டுத் தோட்டத்தில் ஒரு கண்ணாடிக் குடில் இருந்தது. இருவரும் அதைப் பட்டறையாக்கிக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தார்கள். ராத்திரி பகலாக உள்ளே என்ன சத்தம் என்று தோட்டக்காரருக்குச் சந்தேகம். கள்ள நோட்டு அடிக்கிறார்களோ என்று போலீஸ் வந்து பார்த்த கதை இன்றும் அந்த ஊரில் பிரபலம்.

சரி, அது என்ன டைமிங்? பிஸ்டன் மேலே ஏறும்போது பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை அழுத்தப்படுகிறது. தீ வைத்த கணமே அது மொத்தமும் எரிந்துவிடாது, கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதனால் பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பே தீ வைக்க வேண்டும். ரொம்ப முன்னாடி வைத்தால் ஏறி வரும் பிஸ்டனை எதிர்த்துத் தள்ளும், இன்ஜின் தட்டும். கையால் சுற்றி ஸ்டார்ட் செய்கிற காலத்தில் மணிக்கட்டே முறிந்துவிடும். தாமதமானால் சக்தி வீணாகப் புகைக்குழாய் வழியே போகும், சூடும் ஏறும். இன்ஜின் வேகமாகச் சுற்றச் சுற்ற, இன்னும் முன்கூட்டியே தீ வைக்க வேண்டும்.

டைம்லர் கண்ட வழி, 1883இல் காப்புரிமை பெற்ற சூட்டுக்குழாய். சிலிண்டர் தலையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், மறுமுனை மூடிய சிறு உலோகக் குழாய். வெளியே ஒரு பர்னர் எரிந்து அதைச் செக்கச்செவேல் என்று வைத்திருக்கும். பிஸ்டன் ஏறும்போது புதுக் கலவை குழாய்க்குள் நெருக்கித் தள்ளப்பட்டு, பழுத்த பகுதியைத் தொட்டதும் பற்றிக்கொள்ளும். அவ்வளவுதான். தீ பற்றும் நேரத்தைக் குழாயின் சூடும் கலவையின் அழுத்தமும் தீர்மானித்தன. ஓட்டுபவர் திருகி மாற்ற ஒரு நெம்புகோல் கிடையாது. அந்தக் கால மின் ஏற்பாடுகள் வேகத்துக்கு ஈடுகொடுக்காத நிலையில், டைமிங் மீதான பிடியை விட்டுக்கொடுத்து வேகத்தை வாங்கினார் என்று சொல்லலாம். நிமிடத்துக்கு 600 சுற்று கிடைத்தது.

1886இல் நெக்கார் ஆற்றில் சுமார் நாலரை மீட்டர் நீளப் படகு ஒன்று துடுப்பும் பாயும் இல்லாமல் ஓடியது. உள்ளே சுமார் 1 குதிரைத்திறன் இன்ஜின். பெட்ரோல் என்றாலே வெடிக்கும் என்று ஜனங்கள் பயந்த காலம். அதனால் படகைச் சுற்றிக் கம்பியும் பீங்கான் குமிழ்களும் மாட்டி, மின்சாரத்தில் ஓடுவதுபோலக் காட்டினாராம். வேடிக்கையான ஏமாற்று வேலைதான், ஆனால் பயத்தில் நியாயம் இருந்தது. பெட்ரோல் டேங்க் இருக்கும் மரப்படகில் திறந்த தீ எரிந்துகொண்டிருந்தது.

சூட்டுக்குழாய்க்குப் படகு பொருத்தமான இடமும்கூட. சாலை வண்டி மேட்டில் திணறும், இறக்கத்தில் பாயும். தண்ணீரில் புரொப்பெல்லரின் சுமை அவ்வளவாக மாறாது, இன்ஜின் பெரும்பாலும் ஒரே வேகத்தில் ஓடும். நிலையான டைமிங் அங்கே பெரிய குறையாகத் தெரியவில்லை. குளிர்விக்கவும் வேண்டிய அளவு தண்ணீர். பியானோ தயாரிப்பாளர் வில்லியம் ஸ்டைன்வே 1888இல் நியூயார்க்கில் டைம்லர் இன்ஜினுக்குக் கம்பெனி தொடங்கியபோதும் படகு இன்ஜின்கள் முக்கியச் சரக்காக இருந்தன.

1890இல் கம்பெனி பெரிதானது, பங்குதாரர்களுடன் சண்டையும் வந்தது. மேபாக் விலகினார், டைம்லரும் ஓரங்கட்டப்பட்டார். 1895இல்தான் இருவரும் திரும்பினார்கள். அப்போது டைம்லருக்கு இதயநோய் இருந்தது.

அதே ஸ்டுட்கார்ட்டில் ராபர்ட் போஷ், காந்தத்தைக் கொண்டு பொறி உண்டாக்கும் மேக்னெட்டோவை 1887 முதல் செய்துகொண்டிருந்தார். மெதுவாகச் சுற்றும் இன்ஜின்களுக்கு அது போதும். டைம்லரோ தன் குழாயை எளிதில் விடவில்லை.

1897 ஜூன் 12, பெர்லின். ஃபிரெட்ரிக் வொல்ஃபெர்ட் தன் ஆகாயக் கப்பலில் ஏறினார், உடன் மெக்கானிக் ராபர்ட் க்னாபே. மேலே ஹைட்ரஜன் பை, கீழே டைம்லர் இன்ஜின். பர்னரின் தீ ஹைட்ரஜனைத் தொட்டது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் காரணம். கப்பல் எரிந்து விழுந்தது, இருவரும் இறந்தார்கள்.

அதே 1897இல் போஷின் பட்டறை வேகமான வண்டி இன்ஜினுக்கும் மேக்னெட்டோவைப் பொருத்திக் காட்டியது. திறந்த தீ தேவையில்லை என்றானது. இன்ஜின் சுற்றோடு சேர்ந்தே பொறி விழுவதால், அதை முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்தும் வழியும் பிறந்தது. இன்று இன்போர்டு பெட்ரோல் இன்ஜினில் மெக்கானிக் டைமிங் லைட்டைப் பிடித்து, டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பிக் குறியோடு பொருத்துகிறாரே, அது இந்த வழியில் வந்ததுதான்.

டைம்லர் 1900 மார்ச் 6 அன்று இறந்தார். நாலு மாதம் கழித்து, ஜூலை 2 அன்று, போடன்சே ஏரியின் மிதக்கும் கொட்டகையிலிருந்து செப்பலினின் முதல் ஆகாயக் கப்பல் எழுந்தது. அதில் இரண்டு டைம்லர் இன்ஜின்கள் இருந்தன. பற்றவைத்தது போஷின் மேக்னெட்டோ.