பாவத்துக்குத் தீர்ப்பு எழுதிய முன்சீப்

கடனை வாங்கிவிட்டுத் திருப்பித் தராதவனைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம். அடுத்தவன் நிலத்தை அபகரித்தவன் மேல் பிராது கொடுக்கலாம். ஆனால், பொறாமைப்படுகிறவனை எந்தக் கோர்ட்டில் நிறுத்துவது? கோள் சொல்கிறவனுக்கு எந்தச் சட்டப்படி தண்டனை கொடுப்பது? பெற்ற தாயை மனம் நோகப் பேசுகிறவன்மீது யார் வழக்குப் போடுவது?

சட்டம் எட்டாத இந்தக் குற்றங்களைச் சமயங்கள் பாவம் என்கின்றன. அந்தப் பாவத்தைப் பற்றியே ஆயுள் முழுவதும் சிந்தித்தார் ஒரு முன்சீப். அவர்தான் மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

இன்று மயிலாடுதுறை என்று அழைக்கப்படும் ஊரின் அந்தக் காலத்துப் பெயர் மாயூரம். அந்த ஊர்ப் பெயரே அவருக்கு அடைமொழியாகிவிட்டது. ஆனால் அவர் பிறந்த ஊர் அது அல்ல.

குளத்தூர்ப் பிள்ளை

திருச்சிராப்பள்ளிக்கு அருகில் உள்ள குளத்தூரில் 1826-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி வேதநாயகம் பிறந்தார். தந்தை சவரிமுத்துப் பிள்ளை. தாய் ஆரோக்கிய மரியம்மாள். கத்தோலிக்கக் குடும்பம்.

திருச்சிக் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகராய பிள்ளையிடம் அவர் தமிழும் ஆங்கிலமும் படித்தார். பிறகு தாமும் கோர்ட்டு உத்தியோகத்திலேயே சேர்ந்தார். முதலில் பத்திரக் காப்பாளர் வேலை. அப்புறம் மொழிபெயர்ப்பாளர். 1857-ம் ஆண்டில் தரங்கம்பாடி முன்சீப் ஆனார். சீர்காழியிலும் வேலை பார்த்தார். மாயூரத்தில்தான் நெடுங்காலம், 13 ஆண்டுகள் முன்சீப்பாக இருந்தார்.

முன்சீப் கோர்ட்டுக்குக் கொலை வழக்கு வராது. கடன், பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு ஆகியவைதான் அங்கே வரும். பார்த்தால் எல்லாம் பணத் தகராறுதான். ஆனால் உள்ளே புகுந்து பார்த்தால்? அண்ணன் சொத்தின்மேல் தம்பிக்கு ஆசை. பங்காளி வாழ்வின்மேல் பங்காளிக்குப் பொறாமை. ஒரு பொய்ப் பத்திரம். அதற்கு இரண்டு பொய்ச் சாட்சி.

பத்திரம் பொய் என்று தீர்ப்புச் சொல்லலாம். அந்தப் பத்திரத்தை எழுதத் தூண்டிய ஆசையை என்ன செய்வது? மறுநாள் அதே ஆசை வேறொருவன் மனத்தில் முளைக்குமே!

முதல் மருந்து

1859-ம் ஆண்டில் வேதநாயகம் பிள்ளை ஒரு புத்தகம் வெளியிட்டார். அதன் பெயர் நீதிநூல். பொய், களவு, மது, சூது, கோபம், பொறாமை, உலோபம், புறங்கூறுதல் என்று ஒவ்வொரு குற்றத்தையும் எடுத்துப் பாட்டாகப் பாடினார். லஞ்சத்துக்கு அன்று கைக்கூலி என்று பெயர். அதையும் அவர் விடவில்லை. உத்தியோகத்தில் இருந்துகொண்டே உத்தியோகஸ்தர் வாங்கும் கைக்கூலியைக் கண்டித்தார்!

கத்தோலிக்கர்களிடம் பாவசங்கீர்த்தனம் என்று ஒரு வழக்கம் உண்டு. முதலில் தன் மனத்தைத் தானே சோதித்துப் பார்க்க வேண்டும். செய்த பாவத்துக்காக மனம் வருந்த வேண்டும். குருவிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இனிச் செய்வதில்லை என்று உறுதி எடுக்க வேண்டும். பிறர் பொருளை எடுத்திருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். குரு அங்கே மன்னிப்பும் தருவார், புத்திமதியும் சொல்லுவார்.

இதில் முதல் படி, தன்னைத் தானே சோதிப்பது. அது எந்த மதத்தாருக்கும் பொதுவானதுதானே? நீதிநூல் அந்த முதல் படிக்கு உதவுகிற கண்ணாடி. சைவரும் பார்க்கலாம்; வைணவரும் பார்க்கலாம்; முஸ்லிமும் பார்க்கலாம். அடுத்தவன் முகத்தை அல்ல, தன் முகத்தை!

வேதநாயகம் பிள்ளை தம் மதத்தில் உறுதியானவர். தேவமாதா அந்தாதி பாடியவர். ஆனாலும் பாவம் என்று சொல்லி அடுத்த மதத்தாரை அவர் இழிவு செய்யவில்லை. எல்லா மதத்தாரும் பாடுவதற்கென்று சர்வ சமய சமரசக் கீர்த்தனை பாடினார். அது 1878-ம் ஆண்டில் வெளிவந்தது.

திருவாவடுதுறை சைவ மடத்தின் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவருக்கு நண்பரானார். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது குளத்துக் கோவை என்ற நூலையே பாடினார்.

கோர்ட்டும் தமிழும்

ஆங்கிலத்தில் இருந்த உயர்ந்த கோர்ட்டுத் தீர்ப்புகளை, 1805 முதல் 1861 வரை உள்ளவற்றை, அவர் தமிழில் எழுதி வெளியிட்டார். சட்டம் தெரியாதவனைச் சட்டம் தெரிந்தவன் ஏய்ப்பதும் ஒரு பாவம்தானே? அந்தப் பாவத்துக்கு இடம் கொடுப்பது அறியாமை. அதைப் போக்க இது ஒரு வழி.

பெண்களைப் படிக்க வைக்காமல் வீட்டில் பூட்டி வைப்பதையும் அவர் பெரிய அநீதியாகவே கருதினார். பெண்கள் படிப்பதற்காகவே 1869-ம் ஆண்டில் பெண்மதி மாலை எழுதினார்.

சோதனை வந்தது

1872-ம் ஆண்டில் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். நான்கு ஆண்டுகளில் நாட்டுக்கே சோதனை வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் கதை சொல்லுவார்களே, அதுதான்! லட்சக் கணக்கான மக்கள் மாண்டார்கள்.

காவிரி பாயும் தஞ்சைச் சீமையில் மற்ற ஜில்லாக்களைப்போல அவ்வளவு கொடுமை இல்லை. ஆனால் நெல் விலை ஏறியது. விலை ஏறினால் நெல் வைத்திருப்பவனுக்கு லாபம், கூலிக்காரனுக்குப் பட்டினி. பக்கத்து வீட்டில் அடுப்பு எரியாதபோது களஞ்சியத்தைப் பூட்டி வைப்பது சட்டப்படி குற்றம் அல்ல. ஆனால் அது பாவம் இல்லையா?

ஊருக்குப் புத்தி சொன்னவர் இப்போது என்ன செய்யப்போகிறார்?

வேதநாயகம் பிள்ளை தம் கைப்பொருளை எடுத்தார். கஞ்சித் தொட்டி வைத்தார். பசி என்று வந்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார். மழை வேண்டியும் பஞ்சம் தீர வேண்டியும் மனமுருகிப் பாடினார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் இந்தக் கொடையைக் கண்டு, அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். சிவனைப் பாடிய வாய், ஒரு கிறிஸ்தவரின் தருமத்தைப் பாடியது!

கதையும் மருந்துதான்

வெறும் புத்திமதி சிலருக்குக் கசக்கும். அவர்களுக்காகக் கதை எழுதினார். 1879-ம் ஆண்டில் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தது. தமிழின் முதல் நாவல் அதுதான். அதில் ஞானாம்பாள் என்ற பெண் ஆண் வேடம் பூண்டு அரசாளுகிறாள், நீதி வழங்குகிறாள். படிப்பவர் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கும்போது தம் குற்றம் தமக்கே தெரியும். பின்னர் 1887-ம் ஆண்டில் சுகுண சுந்தரி என்ற நாவலும் வந்தது.

மாயூரம் நகரசபைத் தலைவராகவும் அவர் இருந்தார். 1889-ம் ஆண்டு ஜூலை 21-ந் தேதி காலமானார்.

கோர்ட்டில் அவர் எழுதிய தீர்ப்புகள் வாதி, பிரதிவாதி இருவரையும் கட்டுப்படுத்தின. அந்த வழக்குகளும் போயின, வழக்காடியவர்களும் போனார்கள். நீதிநூல் மட்டும் இன்னும் இருக்கிறது. அதில் வாதியும் நாமே. பிரதிவாதியும் நாமே. தீர்ப்புச் சொல்ல வேண்டியது நம் மனச்சாட்சி.