பள்ளியை விட்டவர் தொடங்கிய பாலிடெக்னிக்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)

நம்மில் யாரைக் கேட்டாலும் ஜி.டி.நாயுடு என்றால் விஞ்ஞானி, கோயமுத்தூர்க்காரர், பிளேடு கண்டுபிடித்தவர் என்று சொல்லி விடுவோம். அதோட சரி. நம்மைப் போல டிப்ளமா படிக்கிற பசங்களுக்காக ஒரு பாலிடெக்னிக்கையே ஆரம்பித்தவர், அதிலேயே முதல்வராக இருந்தவர், பிறகு கோபித்துக்கொண்டு விலகியவர் என்பது நிறைய பேருக்குத் தெரியாது.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரவில்லை. ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு நின்று போச்சு. தோட்டத்து வேலைதான் இனி என்று இருந்த பையன் ஒருநாள் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தான். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி மட்டும் ஓடுகிறது! அன்றைக்குப் பிடித்த பைத்தியம் கடைசி வரை தெளியவில்லை.

ஊரை விட்டுக் கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். இலை எடுத்து, டம்ளர் கழுவிச் சேர்த்த சில நூறு ரூபாயில் அந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளையே வாங்கினார். வாங்கியதும் என்ன செய்திருப்பார்? நாமாக இருந்தால் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரவுண்டு போயிருப்போம். அவர் அதை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டினார். பக்கத்தில் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. ரெக்கார்டு நோட்டும் கிடையாது. நம்ம ஒர்க் ஷாப்பில் ஃபிட்டிங் பிராக்டிகல் அன்று ஒரே ஜாபை நாலு பேர் மாற்றி மாற்றிக் காட்டி மார்க் வாங்குகிறோமே, அதோடு இதை ஒப்பிட வேண்டாம், நமக்குத்தான் அசிங்கம்!

1920இல் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரே ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே தானே ஓட்டினார். அந்த ஒரு பஸ்தான் யு.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனியாக வளர்ந்தது. அங்கே ஒர்க் ஷாப்பில் பழகிய கைகள் வேறு வேறு தொழிலுக்கும் போயின. 1937இல் பீளமேட்டில் டி.பாலசுந்தரம் நாயுடுவும் இவரும் சேர்ந்து இந்தியாவிலேயே தயாரான முதல் மின்சார மோட்டாரைக் கொண்டு வந்தார்கள். இன்றைக்குக் கோவை பம்பு செட்டுக்கும் கிரைண்டருக்கும் பேர் போனது என்றால் அதற்கு விதை அங்கேதான்.

ரேஸர், மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், பழரசம் பிழியும் மெஷின், தில்லுமுல்லு செய்ய முடியாத ஓட்டுப்பதிவு மெஷின், இப்படி அவர் செய்தவை ஏராளம். 1952இல் இரண்டு பேர் போகிற சின்னக் காரை இரண்டாயிரம் ரூபாய்க்குத் தர முடியும் என்று செய்து காட்டினார். அரசாங்கம் லைசென்ஸ் தரவில்லை. அத்தோடு முடிந்தது.

இப்போது நம்ம விஷயத்துக்கு வருகிறேன். 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக், ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரி இரண்டும் இவர் முயற்சியால் தொடங்கப்பட்டன. அப்போதைய சென்னை மாகாண கவர்னர் பெயர் அது. அந்தப் பொறியியல் கல்லூரிதான் இன்றைய ஜி.சி.டி. நாயுடுவுக்கு ஒரு எண்ணம். என்ஜினீயரிங் படிக்க நாலு வருஷம் எதற்கு, மெஷினில் கை வைத்துக் கற்றுக்கொண்டால் இரண்டே வருஷம் போதும், மீதி வீண் என்பது அவர் வாதம். வெள்ளைக்கார அரசு ஒத்துக்கொள்ளவில்லை. அவரும் இறங்கி வரவில்லை. பொறுப்பை விட்டு விலகினார்.

இதில் யார் பக்கம் நியாயம்? எனக்கு அவர் மேல் எவ்வளவோ மரியாதை உண்டு. ஆனாலும் இந்த ஒரு இடத்தில் முழுசாக ஒத்துப்போக முடியவில்லை. பட்டம் இல்லாமலே அவர் ஜெயித்தார், சரி. அவர் யாரிடமும் வேலை கேட்டு நிற்கவில்லையே! எங்க வீட்டில் டிப்ளமா வரைக்கும் வந்த முதல் ஆள் நான்தான். நாளைக்கு ஒரு கம்பெனி கேட்டில் நிற்கும்போது என் அப்பா பேரைச் சொன்னால் செக்யூரிட்டி கூட உள்ளே விட மாட்டார். சான்றிதழைக் காட்டினால்தான் கேட்டே திறக்கும். நம்மை மாதிரி ஆட்களுக்குக் காகிதம் வேண்டும்.

ஆனால் கேட்டுக்கு உள்ளே போன பிறகு? அங்கே நாயுடு சொன்னதுதான் செல்லும். வெர்னியர் கையில் கொடுத்து அளவு சொல்லு என்றால் முழிக்கிறவன் டிப்ளமாவாக இருந்தால் என்ன, பி.இ.யாக இருந்தால் என்ன? எங்க ஊரில் பி.இ. முடித்த அண்ணன்மாரே டிகிரி ஃபைலோடு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குகிறார்கள். படித்தது என்ன என்று கேட்டால் பதில் வரும். செய்யத் தெரிந்தது என்ன என்று கேட்டால் வாய் அடைத்துப் போகும். தப்பு அவர்கள் மேல் மட்டுமில்லை. மெஷினைத் தொட விடாமலே நாலு வருஷம் ஓட்டிய கல்லூரிகள் மேலும்தான்.

அரசாங்கமும் இதைப் பிற்பாடு ஒருவகையில் ஒத்துக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். 1961இல் வந்த அப்ரண்டிஸ் சட்டத்தில் 1973இல் திருத்தம் செய்து, டிகிரி, டிப்ளமா முடித்தவர்களும் கம்பெனியில் ஒரு வருஷம் உதவித்தொகையோடு பயிற்சி எடுக்க வழி செய்தார்கள். நம்ம ஏரியாவுக்கு தரமணியில் இருக்கிற பயிற்சி வாரியத்தில் பதிய வேண்டும். ஃபைனல் இயர் அண்ணன்மார் இதைச் சும்மா விடாதீர்கள்.

ஜி.டி.நாயுடு 1974 ஜனவரி 4 அன்று காலமானார். கோவை அவிநாசி ரோட்டில் அவர் பெயரில் கண்காட்சி இருக்கிறது, அவர் செய்தவற்றைக் கண்ணால் பார்க்கலாம். இந்த வருஷ இண்டஸ்ட்ரியல் விசிட்டுக்கு எங்கே போகலாம் என்று யூனியனில் பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். ஊட்டிக்குப் போகிற வழியில்தானே கோவை, செயலாளர் அண்ணன் ஒரு அரை நாள் ஒதுக்க வேண்டும்.