போர்முனை காணாத பண்டிதர் எழுதிய போர்க்கதை

முதல் உலகப் போரில் பிரான்ஸ், பெல்ஜியம் முனைகளுக்கு அனுப்பப்பட்ட இந்திய வீரர்களை இந்தி இலக்கியத்தில் நிலைபெறச் செய்தவர் சந்திரதர் சர்மா குலேரி. அவர் படைவீரர் அல்லர், சம்ஸ்கிருதப் பண்டிதர்.

1883-ஆம் ஆண்டு ஜெய்ப்பூரில் பிறந்த அவருடைய முன்னோர் ஊர் இமாச்சலத்தின் குலேர். ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தரின் சீரமைப்புப் பணியில் இளம் வயதிலேயே பங்கேற்ற அவர், பின்னர் அஜ்மீர் மேயோ கல்லூரியில் ஆசிரியரானார். மொழி, வரலாறு குறித்து நிறைய எழுதினார். ஆயினும் இன்று அவர் பெயரைச் சொல்வது, போர் நடந்துகொண்டிருந்த 1915-இல் 'சரஸ்வதி' இதழில் வெளியான 'உஸ்னே கஹா தா' (அவள் சொன்னாள்) என்ற சிறுகதைதான்.

கதையின் நாயகன் ஜமேதார் லஹனா சிங். சிறுவயதில் அமிர்தசரஸ் கடைத்தெருவில் அவன் சந்தித்த சிறுமி, பிற்காலத்தில் அவனுடைய சுபேதாரின் மனைவி. போருக்குப் புறப்படும் கணவனையும் மகனையும் காக்குமாறு அவள் வேண்டுகிறாள். பதுங்குகுழிக் குளிரில் காய்ச்சலுற்ற அவள் மகனுக்குத் தன் கம்பளிகளைத் தருகிறான் லஹனா. சண்டையில் தான் அடைந்த படுகாயத்தை மறைத்து, தந்தையையும் மகனையும் மருத்துவ வண்டியில் ஏற்றிவிடுகிறான். உயிர் பிரியும் வேளையில் அவன் நினைவில் எழுவது வெற்றியன்று. ஊரில் தான் நட்ட மாமரம். செய்தித்தாளிலோ இறந்தோர் பட்டியலில் ஒரே வரி. வீரமுழக்கம் ஏதுமின்றி குலேரி கதையை அங்கேயே முடித்துவிடுகிறார்.

காசி இந்து பல்கலைக்கழகத்தில் பணியாற்றிவந்த குலேரி, 1922-இல் 39-ஆம் வயதில் மறைந்தார். அக்கதை 1960-இல் பிமல் ராய் தயாரிப்பில் சுனில் தத், நந்தா நடிக்கத் திரைப்படமானது.